ராம்சார் என்பவர் யார்?

2022-ல் வேடந்தாங்கலுக்கும் கரிக்கிலிக்கும் ராம்சார் அங்கீகாரம் கிடைத்த செய்தி பேப்பரில் வந்தபோது, எங்கள் சுற்றுவட்டாரத்தில் பலரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "யாரு சார் இந்த ராம் சார்? பெரிய அதிகாரியா?" கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. பெயர் அப்படி அமைந்துவிட்டது. வருவாய்த் துறையில் 34 வருடம் வேலை பார்த்தவன் என்பதால், இப்படிப்பட்ட அரசாங்கச் சங்கதிகளுக்கெல்லாம் என்னிடம் பதில் இருக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் படிக்க ஆரம்பித்தேன். படித்ததையும், அதில் எனக்குத் தோன்றியதையும் இங்கே எழுதுகிறேன்.

ராம்சார் ஆள் இல்லை, ஊர். ஈரான் நாட்டில், காஸ்பியன் கடலோரத்தில் இருக்கும் ஒரு சிறு நகரம். 1971 பிப்ரவரி 2-ஆம் தேதி அங்கே 18 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி ஓர் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். நீர்நிலைகளை, குறிப்பாக நீர்ப்பறவைகள் வாழும் நீர்நிலைகளைக் காப்பாற்றுவது என்பதுதான் ஒப்பந்தம். 1975 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. இன்றைக்கு 170-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. இந்தியா 1982 பிப்ரவரியில் சேர்ந்தது.

இதற்கு விதை போட்டவர்களில் முக்கியமானவர் லூக் ஹோஃப்மன் என்ற சுவிட்சர்லாந்துக்காரர். பெரிய மருந்துக் கம்பெனிக் குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் பறவை மேல் பைத்தியம். பிரான்சின் தென்கோடியில் கமார்க் என்ற கழிமுகப் பகுதியில் நிலம் வாங்கி, 1954-ல் அங்கேயே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். 1962-ல் அதே பகுதியில் ஒரு மாநாடு கூட்டினார். அதற்கு வைத்த பெயர் 'மார்'. சதுப்பு நிலத்துக்கு ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மூன்று மொழிகளிலும் உள்ள சொல் 'மார்' என்றுதான் தொடங்குகிறது, அதனால் அந்தப் பெயர். உலகத்தில் முக்கியமான நீர்நிலைகளுக்கு ஒரு பட்டியல் வேண்டும், நாடுகளுக்குள் ஓர் ஒப்பந்தம் வேண்டும் என்ற பேச்சு அங்கே எழுந்தது. அது கையெழுத்தாக ஒன்பது வருடம் பிடித்தது. வாத்துக்கு பாஸ்போர்ட் கிடையாது. சைபீரியாவில் முட்டையிட்டுவிட்டு நம் ஊருக்குக் குளிர்காலம் கழிக்க வருகிறது. வழியில் ஒரு நாட்டில் ஒரு ஏரி காய்ந்தாலும் எல்லா நாட்டுக்கும் நஷ்டம். ஒரு நாடு தனியாகச் சட்டம் போட்டுப் பயனில்லை என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

நீர்நிலை என்றால் எது? இவர்கள் வைத்திருக்கும் விளக்கம் மிக விரிவானது. இயற்கையாக அமைந்ததோ மனிதன் வெட்டியதோ, எப்போதும் தண்ணீர் நிற்பதோ சில மாதம் மட்டும் நிற்பதோ, ஓடுவதோ தேங்குவதோ, நல்ல தண்ணீரோ உப்புத் தண்ணீரோ, எல்லாமே கணக்கில் வரும். கடலில்கூட, வற்றும் நேரத்தில் ஆறு மீட்டர் ஆழத்துக்கு உட்பட்ட பகுதி இதில் சேரும். நெல் வயலும் சேரும். தமிழில் 'ஈரநிலம்' என்று மொழிபெயர்த்திருக்கிறோம். அதைக் கேட்டதும் நம் மனதில் ஏதோ சேற்று நிலம்தான் வருகிறது. ஏரி, குளம், தாங்கல், ஏந்தல், கண்மாய், கழிமுகம், கழுவெளி, அலையாத்திக் காடு என்று இத்தனை சொல் வைத்திருந்த நமக்கு அந்த ஒற்றைச் சொல் சப்பென்று இருக்கிறது. போகட்டும்.

இப்போது என் துறைக்கு வருகிறேன். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு என்று ஒன்று இருக்கும். ஊரில் உள்ள ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை, எவ்வளவு பரப்பு, யார் பேரில் என்று அதில் இருக்கும். 'ஏரி புறம்போக்கு' என்று அதில் எழுதியிருக்கிறதே, அந்த இரண்டு சொல்தான் பல ஏரிகளை இன்றுவரை ஏரியாக வைத்திருக்கிறது. தண்ணீர் வற்றி, சீமைக் கருவேலம் மண்டி, ஏரி இருந்த அடையாளமே போன பிறகும், பதிவேட்டில் அந்த வரி இருக்கிறவரை ஒருவன் துணிந்து பட்டா கேட்க முடியாது. கேட்டாலும் யாராவது ஒரு குமாஸ்தா "இது ஏரி ஐயா" என்று குறிப்பு எழுதுவார். ராம்சார் பட்டியலைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். இது உலகத்துக்கான 'அ' பதிவேடு.

அந்தப் பதிவேட்டில் பெயர் ஏற ஒன்பது அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்றைப் பூர்த்தி செய்தால் போதும். அரிய வகை நீர்நிலையாக இருக்கலாம், அழியும் நிலையிலுள்ள உயிரினங்கள் அங்கே வாழலாம், மீன் குஞ்சு பொரிக்கும் இடமாக இருக்கலாம். பறவை சம்பந்தப்பட்டவை இரண்டு. வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகள் அங்கே கூட வேண்டும், அல்லது ஏதாவது ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் நூற்றுக்கு ஒன்றாவது அங்கே இருக்க வேண்டும். முன்மொழிய வேண்டியது அந்தந்த நாட்டு அரசாங்கம். வரைபடம், பரப்பு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, என்னென்ன உயிர்கள், என்ன ஆபத்து என்று எல்லாம் எழுதிய தகவல் படிவம் ஒன்றைச் சுவிட்சர்லாந்தில் கிளாண்ட் என்ற ஊரிலுள்ள செயலகத்துக்கு அனுப்ப வேண்டும். முதலில் பட்டியலில் ஏறியது 1974-ல் ஆஸ்திரேலியாவின் கோபர்க் தீபகற்பம். நம் நாட்டில் முதலில் ஏறியவை சிலிகாவும் பரத்பூரின் கேவலாதேவும். தமிழ்நாட்டுக்கு 2002-ல் கோடியக்கரை ஒன்றுதான் இருந்தது. அதற்கப்புறம் 20 வருடம் ஒன்றும் இல்லை. 2022-ல் பள்ளிக்கரணை, பிச்சாவரம், கூந்தன்குளம், வெள்ளோடு, வடுவூர் என்று 13 இடங்கள் ஒரே வருடத்தில் அறிவிக்கப்பட்டன. 2025 தொடக்கத்தில் சக்கரக்கோட்டையும் தேர்தங்கலும் சேர்ந்து 20 ஆயின. இந்திய மாநிலங்களில் நமக்குத்தான் அதிகம்.

சரி, பெயர் ஏறிவிட்டது. யாராவது ஏரியில் குப்பை கொட்டினால் கிளாண்டிலிருந்து ஆள் வந்து பிடிப்பானா? எங்கள் ஊர் ஆயக்கட்டு விவசாயி ஒருவர், என்னைவிட ஐந்து வயது மூத்தவர், இதை நேரடியாகவே கேட்டார்.

"ஏன் சார், வெள்ளைக்காரன் ஊர்ல ஒரு நோட்டுல பேர் எழுதி வச்சா, இங்க மதகு தானா சரியாயிடுமா?"

"ஆகாதுங்க" என்றுதான் சொன்னேன். அபராதம் கிடையாது, தண்டனை கிடையாது, போலீஸ் கிடையாது. ஒப்பந்தம் சொல்வது மூன்று விஷயம். பட்டியலிட்ட இடத்தைக் காப்பாற்று. உன் நாட்டிலுள்ள மற்ற நீர்நிலைகளையும் யோசித்துப் பயன்படுத்து. மற்ற நாடுகளோடு சேர்ந்து வேலை செய். 'பயன்படுத்தாதே' என்று அது சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மீன் பிடிக்கலாம், நெல் போடலாம், கோரை அறுக்கலாம். அந்த நீர்நிலையின் குணம் கெடக்கூடாது, அவ்வளவுதான்.

பின்னே அது எப்படித்தான் வேலை செய்கிறது? வெட்கத்தாலும் கடிதத்தாலும் என்று சொல்லலாம். மூன்று வருடத்துக்கு ஒரு முறை எல்லா நாடுகளும் கூடும். கடைசியாக 2025 ஜூலையில் ஜிம்பாப்வேயின் விக்டோரியா அருவிப் பகுதியில் கூடினார்கள். கூடுவதற்கு முன்பு ஒவ்வொரு நாடும் 'நான் என்ன செய்தேன்' என்று அறிக்கை தர வேண்டும். பட்டியலில் உள்ள ஓர் இடம் கெட்டுப்போனால் அதைத் தெரிவிக்க வேண்டியதும் அந்த நாடுதான். அப்படிக் கெட்டுப்போனவற்றுக்காக 'மான்ட்ரூ பதிவேடு' என்று தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் பள்ளிக்கூடத்தில் கரும்பலகை ஓரத்தில் பெயர் எழுதிப் போடுவார்களே, கிட்டத்தட்ட அதுதான்.

இந்தக் கரும்பலகை வேலை செய்யுமா என்பதற்கு நம் நாட்டிலேயே இரண்டு விதமான பதில் இருக்கிறது. ஒடிசாவின் சிலிகா ஏரி 1,100 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. கடலோடு சேரும் வாய் மணலால் தூர்ந்துபோய், உப்புத்தன்மை குறைந்து, களை மண்டி, மீன் குறைந்தது. 1993-ல் அதன் பெயர் மான்ட்ரூ பதிவேட்டில் ஏறியது. மாநில அரசு அதற்கென்று தனி ஆணையம் அமைத்து, ஆராய்ச்சி செய்து, 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிய வாய் வெட்டியது. உப்பு திரும்பியது, மீனும் நண்டும் இறாலும் திரும்பின, மீனவர்களுக்குப் பிழைப்பு திரும்பியது. 2002-ல் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்தார்கள். விருதும் கொடுத்தார்கள். இன்னொரு பக்கம் பரத்பூர் கேவலாதேவ். அதன் பெயர் 1990-ல் அந்தப் பதிவேட்டில் ஏறியது. தண்ணீர்த் தகராறு தீராமல் இன்னும் அதிலேயே இருக்கிறது. மணிப்பூரின் லோக்டாக் ஏரியும் அப்படியே. ஆக, பதிவேடு தானாக எதையும் செய்யாது. செய்ய நினைக்கிறவன் கையில் கொடுக்கும் தடி அது. நினைக்காதவனுக்கு வெறும் காகிதம்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்கு வேறு காரணமும் உண்டு. எங்கள் ஊர் ஏரி வேடந்தாங்கல் இல்லை. பெயர் சொன்னால் பக்கத்துத் தாலுகாக்காரர்களுக்குக்கூடத் தெரியாது. ஒரு கலங்கல், இரண்டு மதகு, நூறு ஏக்கருக்குள் ஆயக்கட்டு. அதனால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கிறது. கடந்த சில வருடங்களாக அதன் மேற்குக் கரை ஓரம் குப்பை கொட்டுகிறார்கள். முதலில் டிராக்டரில் வந்தது, இப்போது லாரியில் வருகிறது. கரை ஓரம் நிலமட்டம் உயர்ந்துகொண்டே வருகிறது. அது எங்கே போய் முடியும் என்று 34 வருடம் நிலப் பதிவேடு பார்த்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் குப்பை, பிறகு மண், பிறகு ஒரு கொட்டகை, பிறகு மின் இணைப்பு.

சட்டத்தைப் புரட்டினேன். 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஈரநிலப் பாதுகாப்பு விதிகளில், பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலைகள் 'ஈரநிலம்' என்ற விளக்கத்தில் வராது என்று இருக்கிறது. நெல் வயலும் வராது. ராம்சார் ஒப்பந்தம் மனிதன் வெட்டியதையும் சேர்த்துக்கொள்கிறது, நம் விதி வெளியே தள்ளுகிறது. தமிழ்நாட்டில் ஏரி என்றாலே பாசனத்துக்கு வெட்டியதுதானே? வேடந்தாங்கலே ஒரு பாசன ஏரிதான். அது சரணாலயமாக இருப்பதால் தப்பித்தது. 2007-ல் வந்த தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்புச் சட்டமோ பொதுப்பணித் துறை ஏரிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஒன்றியத்து ஏரி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

ஆனால் ஒரு பிடி கிடைத்தது. இஸ்ரோ செயற்கைக்கோள் படங்களை வைத்து நாடு முழுவதும் நீர்நிலைகளை வரைபடமாக்கியிருக்கிறது. 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவை மட்டும் 2,01,503. இவற்றையெல்லாம் ஈரநில விதிகளின் அடிப்படையில் காக்க வேண்டும் என்று 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எங்கள் ஏரி அந்த அளவைவிடப் பெரியது. 'அ' பதிவேட்டு நகல், புல வரைபடம், அந்த உத்தரவின் விவரம் மூன்றையும் வைத்து மனு எழுதினேன். சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் மனுவை வாங்கிக்கொண்டு, "அங்கே பறவை வருகிறது என்பதற்கு ஆதாரம் உண்டா?" என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. அங்கே பறவை வருவது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். காகிதத்தில் இல்லை.

அப்போதுதான் இந்த உலக அமைப்பின் இன்னொரு கை என்னைத் தொட்டது. ராம்சார் ஒப்பந்தம் அரசாங்கங்களுக்குள் நடப்பது. அதோடு ஆறு பெரிய அமைப்புகள் சேர்ந்து வேலை செய்கின்றன. அதில் ஒன்றான சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்தின் தலைமையகம் நம் பக்கத்தில் கொழும்பு அருகேதான் இருக்கிறது. மற்றொன்று நெதர்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட வெட்லேண்ட்ஸ் இன்டர்நேஷனல். இவர்கள் ஒருங்கிணைப்பதுதான் ஜனவரி மாத நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. ஐரோப்பாவில் 1967-ல் ஆரம்பித்தது, நம் பக்கம் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பாக 1987-ல் வந்தது. எண்ணுகிறவர்களில் பெரும்பாலோர் என்னைப் போன்ற சம்பளமில்லாத ஆட்கள்தான். மாணவர்கள், ஆசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள்.

விதிமுறை எளிது. ஒரே இடம், ஒவ்வொரு வருடமும் ஜனவரி, காலை நேரம். எந்த இனம், எத்தனை, தண்ணீர் எவ்வளவு, கரையில் என்ன தொந்தரவு என்று படிவத்தில் எழுத வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் 'இல்லை' என்று எழுத வேண்டும். அதுவும் ஒரு தகவல்தான். இப்படி ஆயிரக்கணக்கான இடங்களிலிருந்து வரும் எண்களைக் கூட்டித்தான், உலகத்தில் ஒவ்வொரு நீர்ப்பறவையும் சுமார் எத்தனை இருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். நூற்றுக்கு ஒன்று என்று சொன்னேனே, அந்த ஒன்று எவ்வளவு என்பதே இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது. பயிர் அடங்கல் கிராமத்தில் எழுதி, தாலுகாவில் கூட்டி, மாவட்டத்துக்குப் போய், தலைநகரில் புள்ளிவிவரம் ஆவது போலத்தான்.

மதுராந்தகத்துக் கல்லூரியில் படிக்கும் என் பேத்தியும் அவள் தோழிகள் இருவரும் உதவிக்கு வந்தார்கள். எனக்கு மடையான், நீர்க்காகம், முக்குளிப்பான், கூழைக்கடா வரை தெரியும். "தாத்தா, உள்ளான்னு ஒரே பேர்ல எல்லாத்தையும் எழுதக் கூடாது, அதுல பல வகை இருக்கு" என்று அவள் திருத்தினாள். விவசாயி அண்ணனும் கரைக்கு வந்தார். நத்தைகுத்தி நாரைகள் வரிசையாக நின்றதைக் காட்டி, "இதுங்க இருந்தா நடவுல நத்தைத் தொல்லை இருக்காது, அதையும் எழுதிக்கோம்மா" என்றார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. குறிப்பு என்ற இடத்தில் எழுதினாள். மேற்குக் கரையின் குப்பையையும் எழுதினாள். மூன்று ஜனவரி ஆகிவிட்டது. மூன்று வருடத்துக் கணக்கையும் அந்த மனுவோடு சேர்த்திருக்கிறேன். லாரி இன்னும் நிற்கவில்லை. ஆனால் ஒரு முறை அளவையர் வந்து எல்லைக்கல் நட்டுவிட்டுப் போனார். கல்லுக்கு இந்தப் பக்கம் இதுவரை குப்பை வரவில்லை.

இவர்கள் தங்கள் நோக்கத்தை மக்களிடம் எப்படிச் சொல்கிறார்கள் என்பதைப் பற்றியும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. ஒப்பந்தம் கையெழுத்தான பிப்ரவரி 2-ஐ 1997 முதல் உலக ஈரநில தினமாகக் கொண்டாடுகிறார்கள். 2021-ல் ஐக்கிய நாடுகள் சபையும் அதை ஏற்றுக்கொண்டது. வருடம் ஒரு கருப்பொருள், சுவரொட்டி, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி. 1970-லிருந்து 2015-க்குள் உலக ஈரநிலங்களில் நூற்றுக்கு 35 பங்கு அழிந்துவிட்டது, காடு அழியும் வேகத்தைவிட இது மூன்று மடங்கு என்று 2018-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நல்ல வேலைதான். ஆனால் அவர்களின் அலுவல் மொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ். அது தில்லி வழியாகச் சென்னை வந்து, எங்கள் ஊருக்கு வரும்போது ஒரு துணிப் பதாகையும் ஒரு குரூப் போட்டோவுமாகச் சுருங்கிவிடுகிறது.

வேடந்தாங்கல்காரர்களுக்கு இதை யாரும் பதாகை கட்டிச் சொல்லவில்லை. 1790-களின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, சுடக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்பது அவர்கள் கண்டறிந்த உண்மை. ராம்சாரில் கையெழுத்துப் போடுவதற்கு 170 வருடத்துக்கும் முன்பே, பிழைப்பும் பறவையும் ஒன்று என்பதை அவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். அதைவிட முக்கியம், வாய்ப்பேச்சோடு விடாமல் காகிதத்தில் வாங்கி வைத்தார்கள். 2026-ஆம் வருட ஈரநில தினத்துக்குப் பாரம்பரிய அறிவு என்று கருப்பொருள் வைத்திருப்பதைப் பார்த்ததும், உலகம் சுற்றி நம் கரைக்கே வந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

விவசாயி அண்ணனுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. "நோட்டுல எழுதினா ஏரி நிக்குமா" என்று இப்போதும் கேட்கிறார். எழுதாமல் விட்டதால் போன ஏரிகளை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்பதுதான் என் பதில்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் ஏரியோ குளமோ 'அ' பதிவேட்டில் என்ன வகையாக இருக்கிறது என்று ஒரு முறை கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். ஜனவரியில் ஒரு காலைப்பொழுது கரைக்குப் போங்கள். பறவைப் பெயர் தெரியவில்லையென்றால் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்களுக்குத் தெரியும். கைத்தடியும், ஒரு தொப்பியும், பிளாஸ்க்கில் காபியும் போதும். முழங்கால் வலி உள்ளவர்கள் கலங்கல் பக்கம் இறங்க வேண்டாம், பாசி வழுக்கும்.